மீதி முப்பத்தெட்டு விநாடிகள்

ரெமி பெல்லரோஸ் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். கணப்பில் ஒரு வாளி மரத்தூள் வில்லைகளைக் கொட்டினான். காபி போட்டான், குடித்தான், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். வெளியே போய் காரின் முன்கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டினான். முதலில் ஓட்டுகிறவர் பக்கம் மட்டும். பிறகு, அதற்கு அவசியமில்லை என்று தெரிந்தும், மறுபக்கமும். சனிக்கிழமை என்பதால் பள்ளிக்கூடம் இல்லை. உள்ளே வந்து ரொட்டியை வாட்டிக்கொண்டிருந்தபோது அழைப்புமணி அடித்தது.

வாசலில் கம்பளித் தொப்பி போட்ட ஓர் அம்மாள் எழுதும் அட்டையுடன் நின்றாள்.

"கோரின் பெல்லரோஸ் இருக்காங்களா?"

"இல்லைங்க."

"பரவால்ல தம்பி. செவ்வாய்க்கிழமை யாருக்கு ஓட்டுன்னு முடிவு பண்ணிட்டாங்களா?"

ரெமி கொஞ்சம் யோசித்தான்.

"இன்னும் முடிவு பண்ணல."

அம்மாளின் முகம் மலர்ந்தது. அட்டையில் மூன்று என்று குறித்துக்கொண்டாள். எங்கள் மாநிலத்தில் ஒன்று என்றால் நம்ம ஆள், ஐந்து என்றால் எதிராளி, மூன்று என்றால் முடிவு செய்யாதவர். மூன்றுக்குத்தான் மரியாதை. மூன்றாக இருப்பவர் வீட்டு வாசலில் வேட்பாளரே வந்து பனி அள்ளிப்போட்ட கதை உண்டு.

ரெமியின் மனைவி கோரின் செப்டம்பரில் இறந்துபோனாள். ஐந்து மாதமாக மூன்றில் இருக்கிறாள். நான்கு வேட்பாளர்கள் அவளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ரெமிக்கு ஒருவரும் எழுதவில்லை. முதல் தடவை வந்தவரிடம் "எனக்கு ஆர்வமில்ல" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டான்.

நாங்கள் சின்ன மாநிலம். கட்சி சார்பில் ஜனாதிபதி தேர்தலுக்கு யார் நிற்பது என்பதை நாடு முடிவு செய்வதற்கு முன்னால், பிப்ரவரிப் பனியில், நாங்கள்தான் முதல் பிரைமரி வாக்கெடுப்பை நடத்தி மூக்கை நுழைப்போம். நான்கு வருடத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் உலகம் எங்களைப் பார்க்கும். மீதி நாட்களில் வானிலை அறிக்கைகூட எங்களைத் தாண்டித்தான் போகும். ஆகவே அந்த இரண்டு மாதம் நாங்கள் கொஞ்சம் ஆடிவிடுகிறோம். ஒரு வேட்பாளரை மூன்று தடவையாவது கைகுலுக்கிப் பார்க்காமல் முடிவெடுப்பது ஹார்லோ ஊரில் ஒழுக்கக்கேடு.

அன்று மாலை ஐந்து வேட்பாளர்களின் தொலைக்காட்சி விவாதம். நேரம் பார்ப்பவன் ரெமி.

அவன் கணக்கு வாத்தியார். குளிர்காலத்தில் பள்ளி நீச்சல் போட்டிகளில் நான்காம் தடத்துக்கு நேரம் குறிப்பான். நீந்தி வருகிற பிள்ளையின் உள்ளங்கை சுவரில் படும். ரெமியின் கட்டைவிரல் கடிகாரத்தை அமுக்கும். ஆறு வருடமாக இதுதான். நடுநிலையான உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டும் என்று தொலைக்காட்சி நிறுவனம் தேடியபோது நீச்சல் பயிற்சியாளர் டக் அவன் பெயரைக் கொடுத்தான். அவனுக்கு முன்னால் பதினான்கு பேரை ஏதாவது ஒரு தரப்பு நிராகரித்திருந்தது. ஒருவர் இரண்டாயிரத்து நான்கில் ஒரு கவர்னரின் மீசையைப் புகழ்ந்திருந்தார்.

நிகழ்ச்சித் தயாரிப்பாளர் பிரிசில்லா ஹண்ட்லி அவனைக் கல்லூரி அரங்கத்தில் வரவேற்றாள்.

"உங்க இணையப் பக்கத்தைத் தேடிப் பாத்தோம் சார். அஞ்சு மாசமா ஒரு வரி இல்ல, ஒரு படம் இல்ல. யாரைப் பத்தியும் எதுவும் சொல்லல. இவ்வளவு நடுநிலையான மனுஷனை நாங்க பாத்ததே இல்ல."

"நன்றி," என்றான் ரெமி.

மேடைக்குக் கீழே, வேட்பாளர்களுக்கு நேர் எதிரே, அவனுடைய மேசை. மேசைமேல் ஒரு பெட்டி. பெட்டியில் ஒரு பொத்தான்.

"அமுக்கினா பச்சை. நாப்பத்தஞ்சாவது விநாடில மஞ்சள், அது தானா வந்துடும். அறுபதுல நீங்க மறுபடி அமுக்கணும். சிவப்பு. சிவப்பு வந்ததும் மைக் அணைஞ்சிடும். அப்புறம் அடுத்த கேள்விவரைக்கும் எதுவும் நடக்காது."

"சிவப்பும் தானா வரலாமே?"

"வரலாம். ஆனா ரெண்டு தரப்பு மனுஷனை நம்பல, ரெண்டு தரப்பு மிஷினை நம்பல. பதினோரு நாள் பேச்சுவார்த்தை. அதனால பாதி மிஷின், பாதி நீங்க."

"அஞ்சாவது தரப்பு?"

"அவங்க மஞ்சளைத்தான் நம்பல. அந்த வெளிச்சத்துல கவர்னர் கோல்பி முகம் காமாலை வந்த மாதிரி இருக்காம். அதுக்குத்தான் இது மஞ்சள்னாலும் கொஞ்சம் பூசணிக்கா நிறம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. நாங்க செய்தியை உண்டாக்கறதில்ல. அந்தப் பழக்கமே எங்களுக்குக் கிடையாது. ஒன்பது மணிக்கு ‘இன்றைய திருப்புமுனை’ன்னு ஒரு நிகழ்ச்சி வச்சிருக்கோம், விளம்பரமெல்லாம் வித்தாச்சு. இடம் ஒதுக்கி, நாற்காலி போட்டு, ஆளைக் கூப்பிட்டப்புறம் திருப்புமுனை வராம இருந்தா அதுக்கு மரியாதையா, நீங்களே சொல்லுங்க?"

விவாதம் ஏழு மணிக்குத் தொடங்கியது. முதல் நாற்பது நிமிடம் ரெமி தவறு செய்யவில்லை. பச்சை, பூசணி, சிவப்பு. வேட்பாளர்கள் அறுபதாவது விநாடியில் வாய் மூடினார்கள். மாதக்கணக்கில் பழக்கியிருந்தார்கள். விளக்கோடு சண்டை போட்ட வேட்பாளர் கோபக்காரர் என்று பெயர் வாங்குவார். கோபக்காரர் என்று பெயர் வாங்கியவர் மார்ச் மாதத்தைப் பார்ப்பதில்லை.

ஏழு நாற்பத்தொன்றுக்கு, நெறியாளர் முன்னாள் கவர்னர் லொரெய்ன் ஹஸ்கலைக் கேட்டார்: மலை ஊர்களில் மருத்துவமனைகள் இரவு நேர அவசரப் பிரிவை மூடிவருகின்றன. நீங்கள் என்ன செய்வீர்கள்?

ரெமி பொத்தானை அமுக்கினான். பச்சை.

"கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கற ஒருத்தருக்கு ராத்திரி மூச்சு முட்டினா," என்றார் ஹஸ்கல், "ஆம்புலன்ஸ் ஒரு மணி நேரம் ஓடணும். ஒரு மணி நேரம்."

ஐம்பத்தெட்டு நிமிடம், என்று ரெமி மனதுக்குள் திருத்தினான்.

"இது மாறணும். இதை மாத்த நான் முதல்ல செய்யப்போறது என்னன்னா," என்று சொல்லி ஹஸ்கல் அழுத்தத்துக்காக மேசை விளிம்பில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்.

உள்ளங்கை. விளிம்பு. ரெமியின் கட்டைவிரல் அமுக்கியது.

சிவப்பு. இருபத்திரண்டாவது விநாடி.

மைக் அணைந்தது. ஹஸ்கல் விளக்கைப் பார்த்தார். பிறகு ரெமியைப் பார்த்தார். வாய் திறந்தபடியே இருந்தது. விளக்கோடு சண்டை போடக்கூடாது என்று பழக்கப்பட்டவர், போடவில்லை. ரெமி பொத்தானை மறுபடி அமுக்கினான். மறுபடி. மறுபடி. அடுத்த கேள்விவரைக்கும் எதுவும் நடக்காது என்று பிரிசில்லா சொன்னது சரிதான். அவனுடைய இன்னொரு கை, யாரும் சொல்லாமலே, சட்டைப் பையிலிருந்த கடிகாரத்தில் அந்த மௌனத்தை அளந்துகொண்டிருந்தது. ஆறு விநாடி, எண்பத்து நான்கு. அவர் முடித்துவிட்டார் என்று நினைத்த நெறியாளர் அடுத்தவருக்குப் போனார்.

நேரம் பார்ப்பவனுக்கு நேரம் பார்க்கத் தெரியவில்லை என்பதுதான் நடந்தது. இதை யாரிடமாவது சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று ரெமி நினைத்தான்.

பத்திரிகையாளர்கள் பக்கத்துக் கூடைப்பந்து அரங்கில் இருந்தார்கள். நானூறு பேர். நாட்டின் பல மூலைகளிலிருந்து விமானம் ஏறி, பனியில் கார் ஓட்டி வந்து, மேடைக்கு எண்பது அடி தூரத்தில் உட்கார்ந்து, விவாதத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள். விவாதம் முடிந்ததும் ஓரத்திலிருந்து ஆளுயரக் கழிகள் எழும்பின. ஒவ்வொரு கழியின் உச்சியிலும் ஒரு வேட்பாளரின் பெயர். கழிக்குக் கீழே அவர் ஏன் ஜெயித்தார் என்று சொல்ல ஒரு முக்கியஸ்தர். ஐந்து கழி, ஐந்து வெற்றி.

ரெமி ஒரு நிருபரை அணுகினான். கழுத்து அட்டையில் கிப் லாண்டர் என்று இருந்தது.

"சார், அந்தச் சிவப்பு விளக்கு..."

"நீங்க எந்தத் தரப்பு?"

"எந்தத் தரப்பும் இல்ல. நான் நேரம் பாக்கறவன்."

"கழி எங்க?"

"கழி இல்லைங்க."

கிப் அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டுத் தட்டச்சைத் தொடர்ந்தான். ரெமி நகர்ந்து நின்றான். நின்ற இடம் ஹஸ்கல் பெயர் எழுதிய கழிக்கு நேர் கீழே என்பதை அவன் கவனிக்கவில்லை. கழியைப் பிடித்திருந்தவர் காபி எடுக்கப் போவதற்காக, "கொஞ்சம் பிடிச்சுக்கப்பா," என்று அவன் கையில் கொடுத்தார். மூன்று விநாடிக்குள் பன்னிரண்டு ஒலிவாங்கிகள் அவன் மூக்குக்குக் கீழே வந்தன. கிப்பும் வந்தான்.

"அந்த மௌனத்தைப் பத்தி என்ன சொல்றீங்க?"

"அது என் தப்பு. நான் விளக்கைச் சீக்கிரம் போட்டுட்டேன். அவங்க இருபத்திரண்டு விநாடிதான் பேசினாங்க. இன்னும் முப்பத்தெட்டு விநாடி பாக்கி இருக்கு."

"அதாவது கவர்னர் உறைஞ்சு போனதுக்கு விளக்குதான் காரணம்னு உங்க தரப்பு சொல்லுது."

"உறைஞ்சு போகல. மைக் அணைஞ்சுது."

"மைக்கும் காரணம்," என்று கிப் எழுதிக்கொண்டான். பிறகு, நல்ல மனுஷன், ரெமிக்குத் திரையைத் திருப்பிக் காட்டினான். கட்டுரை ஏற்கெனவே முடிந்திருந்தது. ‘தடுமாறினார் ஹஸ்கல்’ என்று தலைப்பு.

"மத்தியானம் மூணு மணிக்கே எழுதிட்டேன். எங்க தடுமாறினாங்கங்கறது மட்டும் காலியா விட்டிருந்தேன். ஏழு நாப்பதுவரைக்கும் அது நிரம்பவே இல்ல தெரியுமா? ரொம்ப நன்றி சார்."

ஞாயிற்றுக்கிழமை காலைப் பத்திரிகையில் ரெமி ஒரு வரியில் வந்திருந்தான்: ‘விளக்கின்மீது பழிபோடுகிறார் ஹஸ்கலின் ஆதரவாளர்.’ டக் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"டேய் ரெமி, நீ ஹஸ்கல் ஆளாடா? ஆறு வருஷமா ஒண்ணா நிக்கறோம், ஒரு வார்த்தை சொல்லலியே."

"நான் யார் ஆளும் இல்லடா. கை தவறி அமுக்கிட்டேன். அந்தம்மா மேசையைத் தட்டினாங்க, சுவரைத் தொட்ட மாதிரி இருந்துச்சு."

நீச்சல் உலகத்தில் இது மன்னிக்கக்கூடிய தவறு.

"எத்தனையாவது விநாடி?"

"இருபத்திரண்டு."

"நல்ல நேரம்தான்," என்றான் டக்.

ரெமி தொலைக்காட்சியைப் போட்டான். ஒரு மூளை நரம்பு மருத்துவர் இருந்தார். உதட்டசைவு படிப்பவர் ஒருவர் இருந்தார். முன்னாள் நீர்மூழ்கிக் கப்பல் தளபதி ஒருவரும் இருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

"கடலுக்கடியில ஏழு விநாடி சத்தமே இல்லன்னா ஒரே அர்த்தம்தான்," என்றார் தளபதி. "யாரோ தப்பான பொத்தானை அமுக்கிட்டாங்க."

"ஆமா," என்றான் ரெமி, தனியாக, சோபாவிலிருந்து.

"மனசுக்குள்ள இருக்கற பொத்தானைச் சொல்றீங்க," என்று நெறியாளர் உதவினார். தளபதி சற்றுக் குழம்பி ஆமோதித்தார்.

காலையில் ஏழாக இருந்த மௌனம் மதியம் ஒன்பதானது. மாலையில் வானொலி ‘ஏறத்தாழ கால் நிமிடம்’ என்றது. ரெமி தொலைக்காட்சி நிலையத்துக்குத் தொலைபேசி செய்து ஆறு புள்ளி எட்டு நான்கு என்று சொன்னான்.

"அது கடிகார நேரம் சார்," என்றாள் எதிர்முனையில் ஒரு பெண், பொறுமையாக. "மக்கள் உணர்ந்தது பதினஞ்சு. உணர்ந்ததைச் சொல்றதுதான் எங்க கடமை."

அவன் பிரிசில்லாவைப் பிடித்தான். அவள் அன்பாகவே பேசினாள்.

"நீங்க சொல்றதை நான் முழுசா நம்பறேன். ஆனா நிறுவனத்தால நம்ப முடியாது. விளக்கு தப்புன்னு ஒத்துக்கிட்டா நேத்து நடந்தது கோளாறு. இப்ப அது சரித்திரம். கோளாறுக்கு நாங்க மன்னிப்பு கேக்கணும். சரித்திரத்துக்கு எங்களுக்குப் பரிசு குடுப்பாங்க. உங்க புகாரை ஆய்வுக் குழுவுக்கு அனுப்பறேன். மே மாசம் கூடுவாங்க."

"ஓட்டு செவ்வாய்க்கிழமை."

"ஆமா," என்றாள் பிரிசில்லா. "அதுல எங்களுக்குப் பங்கு இல்ல."

ரெமியைக் குடைந்தது அந்த மௌனம்கூட இல்லை. அதைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்தது. மௌனத்துக்குப் பிறகு வரவேண்டியதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. நான் முதல்ல செய்யப்போறது என்னன்னா. என்ன? இருநூறு நிபுணர்கள், இரண்டு நாள், ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. என்ன கேள்வி என்பதே பலருக்கு நினைவில்லை. வெளியுறவு என்றார் ஒருவர். ரெமி ஹஸ்கலின் கொள்கை விளக்கப் புத்தகத்தைத் தேடி எடுத்தான். நூற்றுப்பன்னிரண்டு பக்கம். மருத்துவமனை என்ற சொல் ஒரே இடத்தில், ஒரு படத்துக்குக் கீழே இருந்தது. படத்தில் கவர்னர் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார்.

பத்திரிகைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தான். ‘நான் தவறாக அமுக்கிவிட்டேன்’ என்று தொடங்கினான். படித்துப் பார்த்தான். மொட்டையாக இருந்தது. ‘விளக்கு எதிர்பாராத விதமாகச் சிவப்பானது’ என்று மாற்றினான். அழகாக இருந்தது. எங்கோ பார்த்த அழகு. செப்டம்பரில் இதே மேசையில் இதே பேனாவால் இரங்கல் குறிப்பு எழுதினான்: ‘குடும்பத்தார் சூழ அமைதியாகக் காலமானார்.’ கோரின் காலமானது கணவாய்ச் சாலையின் மூன்றாவது வளைவில். சூழ்ந்திருந்த குடும்பத்தார் ரெமி ஒருவன். சாலை நடுவே ஒரு மூஸ் மான் விலகாமல் நின்றிருந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஜன்னலைத் திறந்து அதன் பரம்பரையைத் திட்டிக்கொண்டிருந்தார். அதை எழுதினால் யாருக்கும் பிடிக்காது. மானுக்கும் பிடிக்காது. கிப் லாண்டரையும் பிரிசில்லாவையும் குறைசொல்ல ரெமிக்கு என்ன யோக்கியதை? அவனும் இடம் ஒதுக்கி வைத்து எழுதியவன்தான். கடிதத்தைக் கிழித்துக் கணப்பில் போட்டான்.

திங்கட்கிழமை பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒருவன் காத்திருந்தான். நகரத்து ஷூ, காது சிவந்திருந்தது. ஹஸ்கலின் பிரசாரச் செய்தித் தொடர்பாளர், ஜோயல் பிரிட் என்று அறிமுகம் செய்துகொண்டான். கடைசியில் ஒருவர் உண்மையைத் தேடி வந்துவிட்டார் என்று ரெமி கதவைத் திறந்துவிட்டான்.

"நீங்க விளக்கு விஷயத்தை எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கீங்கன்னு கேள்விப்பட்டோம்," என்றான் ஜோயல்.

"ஆமா. நான் எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

"தயவுசெய்து சொல்லாதீங்க."

ரெமி அவனைப் பார்த்தான்.

"நேத்து சாயங்காலம்வரைக்கும் நாங்களும் விளக்குன்னுதான் சொல்ல இருந்தோம். ராத்திரி கருத்துக்கணிப்பு வந்துச்சு. அம்பது வயசுக்கு மேல இருக்கற பெண்கள், ‘இந்தம்மா ஒருத்திதான் பதில் சொல்றதுக்கு முன்னாடி யோசிக்கறா’ங்கறாங்க. ரெண்டு சதவீதம் ஏறியிருக்கோம் சார். மௌனத்தால! அவங்க செத்துப்போன அப்பாவை நெனச்சுத்தான் நின்னாங்கன்னு காலைல ஒரு அறிக்கை விட்டோம். இன்னும் அரை சதவீதம்." பையிலிருந்து, சட்டையில் குத்திக்கொள்கிற ஒரு பட்டனை எடுத்து நீட்டினான். ‘யோசிக்கும் தலைவர்’ என்று இருந்தது. "நீங்க உண்மையைச் சொன்னா எங்களுக்கு ரெண்டரை போயிடும்."

"அவங்க நெஜமா என்ன சொல்ல வந்தாங்க?"

"எப்ப?"

"அந்தக் கேள்விக்கு."

ஜோயல் முதல்முறையாகக் குழம்பினான். "அது... எல்லாமே எங்க வெப்சைட்ல இருக்கும்," என்றான்.

அன்று மாலை எல்லாக் கூட்டங்களிலும் வேட்பாளர்கள் மௌனமானார்கள். ஒருவர் ஒன்பது விநாடி நின்றார், கைதட்டல். இன்னொருவர் பதினெட்டு. கவர்னர் கோல்பி ஒரு நாடகப் பயிற்சியாளரை வரவழைத்துக்கொண்டு, ஒரு தீயணைப்பு நிலையத்தில் நாற்பது விநாடி மௌனமாக நின்றார். முப்பதாவது விநாடியில் பின்வரிசையில் ஒருவர் மயங்கி விழுந்தார் என்கிறார்கள். கணப்பு அதிகம் என்கிறார்கள் வேறு சிலர். ‘யார் மௌனம் ஆழமானது?’ என்று இரவுச் செய்தி ஐந்தையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிக் காட்டியது. ரெமி கடிகாரத்தை எடுத்துக் குறித்தான். கோல்பி முப்பத்தொன்று புள்ளி இரண்டு. நாற்பது இல்லவே இல்லை. இதையாவது கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்து, தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டான். பல மாதத்துக்குப் பிறகு சிரித்ததில் தாடை வலித்தது.

செவ்வாய்க்கிழமை ஹார்லோவின் வாக்குச்சாவடி பள்ளி உடற்பயிற்சிக்கூடம். ஒன்பது மணிக்கு ஹஸ்கல் வந்தார். எங்கள் ஊரில் ஓட்டு குறைவு. ஆனால் பின்னால் மலையும் பனியும் படத்தில் நன்றாக விழும். சாலைக்கு எதிர்ப்புறம், சட்டப்படி தள்ளி, கேமராக்கள் நின்றன. ஹஸ்கல் ஒரு பெட்டி டோநட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தார். கையுறை இல்லை. மூவாயிரம் கை குலுக்கிய கை, தோல் வெடித்திருந்தது.

ரெமியின் முறை வந்தது. ஜோயல் குனிந்து கவர்னரின் காதில் ஏதோ சொன்னான்.

"அந்த விளக்கு நீங்களா?" என்றார் ஹஸ்கல்.

"ஆமாங்க. மன்னிக்கணும்."

"நான் உங்களைத்தான் பாத்துட்டு நின்னேன். உங்க விரல் பட்பட்னு அமுக்கிட்டே இருந்துச்சு. பாவம், யாரோ தவிக்கறாருன்னு நெனச்சேன்." டோநட் பெட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "எல்லாரும் நான் எங்கப்பாவை நெனச்சேங்கறாங்க. நேத்துலேருந்து எனக்கும் அப்படித்தான் ஞாபகம் வருது."

"மேடம், டைம்," என்றான் ஜோயல்.

"உங்களுக்கு இன்னும் முப்பத்தெட்டு விநாடி பாக்கி இருக்கு," என்றான் ரெமி. "நான் முதல்ல செய்யப்போறது என்னன்னான்னு சொன்னீங்க. என்ன அது?"

ஹஸ்கல் அவனை உற்றுப் பார்த்தார்.

"இதை இதுவரைக்கும் யாரும் கேக்கல. எங்க ஆளுங்ககூட. நீங்க ஏன் கேக்கறீங்க?"

"என் மனைவிக்கு ராத்திரி மூச்சு முட்டுச்சு. ஒரு மணி நேரம் இல்ல, அம்பத்தெட்டு நிமிஷம். உங்ககிட்ட ஏதோ வழி இருக்குன்னு தோணுச்சு. அதைத்தான் நான் கெடுத்துட்டேனோன்னு."

கவர்னர் பேசவில்லை. இந்த முறை ரெமி அளக்கவில்லை. அவர் டோநட் பெட்டியை ஜோயலிடம் கொடுத்து அவனைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு ரெமியின் தோளில் கைவைத்து, குனிந்து, காதருகே சொன்னார். சொல்லிவிட்டு, வேறு யாருக்கும் கை கொடுக்காமல், காரில் ஏறிப் போனார்.

கேமராக்கள் சாலையைத் தாண்டி ஓடிவந்தன. முதலில் வந்தது கிப் லாண்டர்.

"என்ன சொன்னாங்க?"

ரெமி ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். கிப் எழுதிக்கொண்டான். எழுதியதைப் படித்துப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"இல்ல சார். நெஜமா என்ன சொன்னாங்க?"

அன்று இரவு ஹஸ்கல் மூன்றாவதாக வந்தார். நான்காவதாக வருவார் என்று எதிர்பார்த்திருந்ததால் அதை வெற்றி என்று அறிவித்தார்கள். முதலாவதாக வந்த கோல்பி எதிர்பார்த்த அளவுக்கு முதலாவதாக வரவில்லை, அவருக்குத் தோல்வி. வாக்குச்சாவடிக் காட்சி இரவு முழுக்க ஓடியது. உதட்டசைவு படிப்பவர், கவர்னர் ‘உன்னை மன்னிக்கிறேன்’ என்று சொன்னதாகப் படித்தார். போட்டிச் சானல் ‘அப்பா’ என்றது. ஒரு பாதிரியார் அதில் பைபிள் சங்கீதத்தின் ஒரு வரியைக் கண்டார். மறுநாள் கிப்பின் கட்டுரை ‘பனியில் ஒரு பாவமன்னிப்பு’ என்ற தலைப்பில் வந்து, படித்தவர்கள் அழுதார்கள் என்று கேள்வி. வெள்ளிக்கிழமை ஹஸ்கல் போட்டியிலிருந்து விலகினார். அறிக்கையை ஜோயல் வாசித்தான். அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவரைப் பார்க்கவில்லை.

அவர் ரெமியின் காதில் உண்மையில் சொன்னது இவ்வளவுதான்:

"ஒரு குழு போட்டு ஆராயறதுன்னு சொல்ல வந்தேன், தம்பி. நீங்க அமுக்கிட்டதே நல்லது."